பூனை பிறாண்டினால் நெறி கட்டுமா? பார்ட்டொனெல்லா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மழைக்காலத்தில் என் அக்கா மகனுக்கு வலது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியது. காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. டிபியாக இருக்குமோ, வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருக்குமோ என்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனை, நடுராத்திரியில் கூகுளில் தேடிவிட்டு அக்கா அழுத அழுகை என மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் அவன் முன்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல பூனைக்குட்டி இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருந்தது. அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் பூனை வளர்க்கும் நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், வைத்தியத்துக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பார்ட்டொனெல்லா என்றால் என்ன? பேரே கேள்விப்பட்டதில்லையே?

ஒரு பாக்டீரியாக் குடும்பம். முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பூனை, நாய், மாடு, எலி, மான், வௌவால், கங்காரு என்று பாலூட்டிகளில் எதைத் தேடினாலும் அதற்கென்று ஒன்றாவது அகப்படுகிறது. பெரு நாட்டு மருத்துவர் ஆல்பர்டோ பார்ட்டன் 1905-ல் நோயாளிகளின் சிவப்பணுக்களுக்குள் இந்தக் கிருமியைப் பார்த்தார், 1909-ல் அதைப் பற்றி எழுதினார். பெயர் அவரிடமிருந்து வந்தது.

மனிதர்களைத் தொல்லை செய்பவற்றில் முக்கியமானவை மூன்று. பூனையிடமிருந்து வரும் ஹென்செலே, சீலைப்பேன் பரப்பும் குவின்டானா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் மணல் ஈ பரப்பும் பாசில்லிஃபார்மிஸ். நம் வீடுகளோடு சம்பந்தப்பட்டது முதலாவதுதான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

பூனை நகத்தில் விஷம் இருக்கிறது என்று பாட்டி சொல்வாரே, அதுதானா இது?

பாட்டி பாதி சரி. நகத்தில் இருப்பது விஷம் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

நடப்பது இதுதான். பூனையின் ரத்தத்தில் கிருமி இருக்கிறது. தெள்ளு அந்த ரத்தத்தைக் குடிக்கிறது. கிருமி தெள்ளின் குடலில் பெருகி அதன் எச்சத்தோடு வெளியே வருகிறது. பூனையின் ரோமத்துக்குள் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கறுப்பாகக் கிடப்பது அதுதான், அதைப் பலர் அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். அரிக்கும்போது பூனை காலால் சொறிகிறது, நகத்துக்குள் அந்தத் தூள் ஏறுகிறது, அதே நகத்தால் அடுத்த ஐந்தாவது நிமிடம் விளையாட்டாக உங்கள் கையைப் பிறாண்டுகிறது. தோல் கிழிந்த இடத்தில் எச்சம் பூசப்படுகிறது. நமக்கு நோய் வருவது பெரும்பாலும் இப்படித்தான். கடித்தாலும் வரலாம், ஏற்கெனவே இருக்கும் புண்ணை நக்கினாலும் வரலாம்.

பூனைக்குப் பூனை எப்படிப் பரவுகிறது என்று 1996-ல் கலிஃபோர்னியாவில் சோதித்துப் பார்த்தார்கள். கிருமியுள்ள பூனைகளிடமிருந்து எடுத்த தெள்ளுகளைக் குட்டிகள் மேல் விட்டபோது குட்டிகளுக்குத் தொற்றியது. தெள்ளே இல்லாமல் பூனைகளை ஒன்றாகப் பழகவிட்டபோது தொற்றவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்த முடிவுதான், ஏனென்றால் வீட்டில் சண்டை எப்போதும் "பூனையை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா" என்றே நடக்கிறது, தெள்ளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

எந்தப் பூனை பிறாண்டினாலும் வருமா?

வராது. தெள்ளு இல்லாத பூனையால் ஆபத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளின் ரத்தத்தில் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி என்றால் இன்னும் அதிகம். தவிர, குட்டிகள்தான் எதற்கெடுத்தாலும் நகத்தை நீட்டுகின்றன. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் தெள்ளு வருடம் முழுக்கக் கொழிக்கும், அங்கே பூனைகளிடம் இந்தத் தொற்றும் கூடுதல்.

உடம்புக்குள் போனபிறகு அது என்னதான் செய்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சாதாரணமாக ஒரு பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைந்தால் நம் எதிர்ப்பு சக்தி பெரிய கூச்சல் போடும். அதன் மேலுறையில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள்தான் அபாய மணியை அடிக்க வைப்பது. பார்ட்டொனெல்லாவின் மேலுறையிலும் அது உண்டு, ஆனால் சால்மோனெல்லாவுடையதை ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு வீரியம்கூட இல்லை. அதனால் வாசலில் மணி அடிக்காமல் உள்ளே வந்துவிடுகிறது.

வந்தவுடன் ரத்தத்தில் தங்குவதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு அவற்றின் சொந்த இனமான ட்ரைபோகோரம் கிருமியைச் செலுத்தி, 2001-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். செலுத்திய கிருமி சீக்கிரமே ரத்தத்திலிருந்து காணாமல் போகிறது. நாலு நாள் ரத்தம் சுத்தம். அந்த நேரத்தில் அது எங்கோ ஒளிந்து பெருகிக்கொண்டிருக்கிறது, ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு கூட்டமாக ரத்தத்துக்குள் இறங்கி, சிவப்பணுக்களில் ஒட்டி, உள்ளே புகுந்து இரண்டு, நாலு, எட்டு என்று பெருகி, சராசரியாக எட்டு ஆனதும் நிறுத்திவிடுகிறது. சிவப்பணுவை உடைப்பதில்லை. அது தன் ஆயுள் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே இவை பயணிகள்போல உட்கார்ந்திருக்கும்.

ஏன் நிறுத்த வேண்டும்? வண்டியை உடைத்தால் பயணம் போய்விடும். சிவப்பணுவுக்குள் இரும்புச் சத்துள்ள சாப்பாடு இருக்கிறது, எதிர்ப்பு சக்தியின் கண்ணிலிருந்து மறைவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்று வந்து உறிஞ்சினால் நேராக அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். பூனை மாதக்கணக்கில் இப்படிக் கிருமியைச் சுமந்துகொண்டு சாதாரணமாகச் சாப்பிட்டு, தூங்கி, திரியும். பார்த்தால் எதுவும் தெரியாது.

மனிதனிடம் ஹென்செலேயின் கதை மாறுகிறது. ஒவ்வொரு இனத்திடமும் தான் குடியிருக்கும் பிராணியின் சிவப்பணுவைப் பிடிப்பதற்கென்று ஒரு சாவி இருக்கிறது. பூனைக்குப் பொருந்தும் சாவி நம் பூட்டைத் திறப்பதில்லை. அதனால் நம் ரத்தத்தில் அப்படி நிரந்தரமாகக் குடியேற முடியாமல், பக்கத்து நெறியில், அதாவது நிணநீர் முடிச்சில் போய் மாட்டிக்கொள்கிறது. அங்கே நம் படை வந்து சூழ்கிறது. அந்தச் சண்டைதான் வீக்கமாக வெளியே தெரிகிறது.

மனிதர்களுக்கு என்ன அறிகுறிகள் வரும்?

பிறாண்டிய 3 முதல் 10 நாளுக்குள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவந்த கொப்புளம். கொசுக்கடி என்று விட்டுவிடுவோம். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, கையில் பிறாண்டியிருந்தால் அக்குளிலோ முழங்கை மடிப்புக்கு மேலேயோ, முகத்தில் என்றால் கழுத்திலோ, காலில் என்றால் தொடை இடுக்கிலோ நெறி கட்டும். தொட்டால் வலிக்கும். கொஞ்சம் காய்ச்சல், தலைவலி, அசதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரும்பாலும் இரண்டு முதல் நாலு மாதத்தில் தானாக வற்றிவிடும். ஆனால் அந்த நாலு மாதம் ஒரு தாய்க்கு எவ்வளவு நீளம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரையிலான மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டதில், வருடத்துக்கு ஏறத்தாழ 12,000 பேர் வெளிநோயாளிகளாகவும் 500 பேர் மருத்துவமனையில் சேர்ந்தும் சிகிச்சை பெற்றிருந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டது 5 முதல் 9 வயதுக் குழந்தைகள். பூனைக்குட்டியைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கும் வயது.

கண் பார்வை போகும் என்கிறார்களே?

எல்லாருக்கும் இல்லை, ஆனால் கண்ணை இது தொடுவது உண்மை. இரண்டு விதமாக. தெள்ளு எச்சம் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் ஒரு கண் சிவந்து, அதே பக்கம் காதுக்கு முன்னால் நெறி கட்டும். இது சரியாகிவிடும். இன்னொன்று, பார்வை நரம்பே வீங்கி, விழித்திரை நடுவில் நட்சத்திர வடிவில் படிவு தெரியும். ஒரு கண்ணில் திடீரென்று மங்கல், வலி இல்லை, வீட்டில் பூனை உண்டு என்றால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள், பூனையைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஏன் டாக்டர்களுக்கே சட்டென்று பிடிபடுவதில்லை?

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் நாள்பட்டு நெறி கட்டினால் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும், அதுதான் எண்ணிக்கையில் அதிகம், விட்டுவிட்டால் ஆபத்தும் அதிகம். சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இரண்டிலும் எதிர்ப்பு செல்கள் வட்டம் கட்டி நிற்கும் தோற்றம் வரலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கலாமா என்றால், இது படு நிதானமான ஆள், ஆய்வகத் தட்டில் கண்ணுக்குத் தெரிய வாரங்கள் ஆகும். ஆகவே ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையும், சதையிலோ சீழிலோ டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையும்தான் வழி. எல்லா லேபிலும் இது கிடைக்காது.

நோய்க்கே இந்தக் குழப்பம் பழசு. பாரிஸில் ரோபேர் தெப்ரே 1950-ல் பூனைப் பிறாண்டல் நோயை விவரித்தார். காரணமான கிருமி எது என்று உறுதியாக நாற்பது வருடம் ஆனது. நடுவில் அஃபிபியா என்ற வேறொரு பாக்டீரியாமேல் பழியைப் போட்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் தோலில் வந்த விசித்திரமான சிவப்புக் கட்டிகளை ஆராய்ந்தபோதுதான் 1990-களின் தொடக்கத்தில் உண்மையான குற்றவாளி அகப்பட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் அதைப் பிரித்தெடுப்பதில் பாடுபட்ட ஆய்வகப் பணியாளர் டயான் ஹென்செல் பெயரால் அது ஹென்செலே ஆயிற்று. பேராசிரியர்கள் பெயராகவே நிறைந்திருக்கும் பட்டியலில் லேபில் வேலை பார்த்தவரின் பெயர் நிற்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பூனை பிறாண்டிவிட்டது. இப்போது உடனே என்ன செய்ய வேண்டும்?

குழாயைத் திறந்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

அடுத்து, பார்ட்டொனெல்லாவை மறந்துவிட்டு ரேபிஸை நினையுங்கள். நாய்க்கடிக்கு மட்டும்தான் வெறிநோய் ஊசி என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். பூனை மூலமும் வரும். ரத்தம் வராத லேசான பிறாண்டலுக்கும் தடுப்பூசி உண்டு, ரத்தம் வந்திருந்தால் அதோடு தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேரும். எத்தனை ஊசி, எந்தெந்த நாள் என்பதை மருத்துவர் சொல்வார். பார்ட்டொனெல்லாவுக்கு நாலு வாரம் பொறுக்கலாம், ரேபிஸுக்கு ஒரு நாள்கூட யோசிக்கக் கூடாது.

மாத்திரை உண்டா? கட்டியைக் கீறி எடுத்துவிடலாமா?

ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். 1998-ல் வெளியான ஒரு சின்ன சோதனையில் அது முதல் மாதத்தில் வீக்கத்தைச் சீக்கிரம் குறைத்தது, அவ்வளவுதான். கண், ஈரல், இதயம் என்று போய்விட்டால் டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் போன்றவற்றைச் சேர்த்து வாரக்கணக்கில் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் "நெறி கட்டியிருக்கு" என்று சொல்லி அமாக்ஸிசிலின் வாங்கிப் போடுவது வீண், பென்சிலின் வகைகள் இந்த நோயில் பலன் தருவதில்லை.

கீறக் கூடாது. சீழ் கோத்து வலித்தால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். கத்தி வைத்துத் திறந்தால் அந்த வாய் மூடாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும் அபாயம் உண்டு.

யார் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

எச்ஐவி முற்றியவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்குத் தோலிலும் ஈரலிலும் புது ரத்தக்குழாய்கள் கொத்துக் கொத்தாகக் கட்டியாக வளரும். பார்க்க ஒருவகைப் புற்றுநோய் போலவே இருக்கும், ஆனால் எரித்ரோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் மாதக்கணக்கில் கொடுத்தால் கரைந்துவிடும். இதய வால்வில் ஏற்கெனவே பழுது உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இந்தக் கிருமி வால்வில் போய் உட்கார்ந்தால், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராமல், காய்ச்சல் மட்டும் தொடரும்.

பெருவில் ஒரு மாணவர் தனக்கே நோயை ஏற்றிக்கொண்டார் என்பது நிஜமா?

நிஜம். டேனியல் அல்சிடெஸ் கார்ரியோன், 28 வயது, லிமாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். அப்போது பெருவில் இரண்டு வியாதிகள் பேசப்பட்டன. ஒன்று ஒரோயா காய்ச்சல். லிமாவிலிருந்து மலையேறும் ரயில்பாதை போட 1870-களில் போன தொழிலாளர்கள் ரத்தம் வற்றி ஆயிரக்கணக்கில் செத்தது அதனால்தான். இன்னொன்று தோலில் ரத்தச் சிவப்பாக மரு முளைக்கும் வெர்ருகா. இரண்டும் ஒன்றா, வேறா?

1885 ஆகஸ்ட் 27 அன்று வெர்ருகா நோயாளி ஒருவரின் மருவிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தன் கைகளில் ஏற்றிக்கொண்டார். மரு வரும் என்று எதிர்பார்த்தார். மூன்று வாரத்தில் வந்தது காய்ச்சல். தனக்கு நடப்பதைத் தானே குறித்துக்கொண்டு வந்தார், முடியாமல் போனபோது நண்பர்கள் எழுதினார்கள். அக்டோபர் 5 அன்று இறந்துபோனார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டம். பெருவில் இன்றும் அக்டோபர் 5 மருத்துவ தினம்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. 1913-ல் அமெரிக்காவின் ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வுக்குழு, இரண்டும் வேறு வேறு நோய்தான் என்று அறிவித்துவிட்டுப் போனது. 1920-களில் ஜப்பானிய ஆய்வாளர் நோகுச்சி குரங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகுதான் கார்ரியோன் சொன்னது மறுபடி நிலைநின்றது.

பூனைக் கிருமி சிவப்பணுவை உடைப்பதில்லை என்று மேலே சொன்னேனே, இந்தப் பெரு நோயைக் கொடுக்கும் பாசில்லிஃபார்மிஸ் அதற்கு நேர் எதிர். மனிதனே அதன் சொந்த வீடு, ஆனாலும் சிவப்பணுக்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும். ஆண்டிஸ் பள்ளத்தாக்குகளின் மணல் ஈ இல்லாமல் பரவாது என்பதால் நம் பக்கம் வருவதில்லை.

தலைப்பேனால் வருமா?

தலையில் இருப்பது வேறு, துணி மடிப்பில் வாழும் சீலைப்பேன் வேறு. குவின்டானாவைப் பரப்புவதாக உறுதியானது சீலைப்பேன். அது கடித்த இடத்தைச் சொறியும்போது அதன் எச்சம் தோலுக்குள் தேய்கிறது. பூனை விஷயத்தில் பார்த்த அதே எச்ச வழிதான், நகம் மட்டும் நம்முடையது. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் குளிக்காமல், துணி மாற்றாமல் கிடந்த சிப்பாய்களில் பத்து லட்சம் பேர் அளவுக்கு இதில் விழுந்தார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும் காய்ச்சல், கணைக்கால் எலும்பில் குடைச்சல். எலியில் பார்த்த ஐந்து நாள் கணக்கோடு இது ஒத்துப்போவதைக் கவனித்தீர்களா? 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையினரின் புதைகுழி லிதுவேனியாவின் வில்னியஸில் கிடைத்தது, அவர்களின் பற்களிலும் அங்கே கிடந்த பேன்களிலும் இந்தக் கிருமியின் டிஎன்ஏ இருந்தது. இன்று இது தெருவில் படுத்துறங்கும் மக்களின் நோய். 1990-களில் அமெரிக்காவின் சியாட்டிலிலும் பிரான்ஸின் மார்சேயிலும் வீடற்றவர்களிடம் திரும்ப வந்தது.

நாய், மாடு எல்லாம்?

நாய்க்கும் உண்டு. நாயின் இதய வால்வை ஒரு பார்ட்டொனெல்லா தாக்கியது 1993-ல் அமெரிக்காவில் பதிவானது. மாட்டுக்கு போவிஸ் என்று தனி இனம். ஒரு வேடிக்கை, தேனீயின் குடலில் ஓர் உறவினர் நிம்மதியாகக் குடியிருக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

கர்ப்பிணி வீட்டில் பூனை வைக்கக் கூடாது என்பது இதற்காகவா?

இல்லை, அது டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலம் வழியாக வரும் ஒட்டுண்ணி. வேறு கதை.

சரி, தெள்ளை எப்படி ஒழிப்பது?

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுப் பேன் சீப்பே போதும். பூனையின் வால் தொடங்கும் இடத்தில், முதுகில் அழுத்தி வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளு எச்சம் என்றால் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி நிறம் கசியும். செரித்த ரத்தம் அது.

இருந்தால், கால்நடை மருத்துவரிடம் எடை பார்த்து, கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்து வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சம் இருக்கிறது என்று பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும். எறும்புப் பொடி, மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பூனைமேல் தெரிவது கொஞ்சம்தான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் அது படுக்கும் சாக்கிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், தரையை மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். கூட்டுப்புழு பல வாரம் காத்திருக்கும் என்பதால் ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் திரும்ப வரும். நகத்தின் நுனியை வெட்டிவிடலாம். நகத்தையே பிடுங்கும் அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை.

உங்கள் அக்கா வீட்டுப் பூனைக்குட்டி என்ன ஆனது?

மாமா முதல் நாளே சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவரக் கிளம்பினார். அக்கா மகன் அவர் செருப்பை ஒளித்து வைத்துவிட்டான். அன்று மாலை நான் சீப்பு வைத்து வாரியபோது காகிதம் முழுக்க காவியாக ஊறியது, மாமாவே கிட்ட வந்து குனிந்து பார்த்தார். இப்போது மாதம் ஒருமுறை சொட்டு மருந்து விடுவது அவர் பொறுப்பு. நெறி மூன்றாம் மாதம் வற்றிவிட்டது. பூனை சோபாவில்தான் படுக்கிறது.